பாலிஷ் வேண்டாம் என்று சொன்னேன்

திருநெல்வேலியில் வெயில் காய்வதற்கென்று ஒரு அறை கட்டுகிறவனை என்னவென்று சொல்வது? இந்த ஊரில் வெயில் நம்மைத் தேடி வரும். ஜன்னலைச் சாத்தினால் கதவு வழியாக வரும், கதவைச் சாத்தினால் கூரை வழியாக இறங்கும். பங்குனி பிறந்துவிட்டால் உச்சிப் பொழுதில் ஆற்றங்கரையில்கூட ஆள் நடமாட்டம் இருக்காது. இப்படிப்பட்ட ஊரில், வீட்டுக்குப் பின்னால் கிழக்கே பார்த்த முற்றத்தில், மேலேயும் கண்ணாடி, சுற்றிலும் கண்ணாடி என்று ஒரு அறை எழுப்ப வேண்டுமென்று என் மகன் துபாயிலிருந்து உத்தரவு போட்டான். "சன்ரூம் உம்மா, இங்கன பெரிய வீடுகள்ல எல்லாம் இருக்கு" என்றான். அங்கே ஏசியைப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள், இங்கே மேலப்பாளையத்தில் கரண்ட் போனால் நானும் உன் வாப்பாவும் உள்ளேயே வெந்துபோவோம் என்றேன். சிரித்தான். வீடியோ காலில் சிரிக்கிறவனை என்ன செய்ய முடியும்?

கடைசியில் நான் சம்மதித்தது என் வீட்டுக்காரருக்காக. சவூதியில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இனி ஊரோடு இருக்கலாம் என்று வந்த மனுஷனுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கை ஓரளவு திரும்பியது. கால் முழுதாகத் திரும்பவில்லை. இழுத்து இழுத்துத்தான் நடப்பார், பாதத்தின் முன்பக்கம் தரையோடு உரசிக்கொண்டே வரும். காலை வெயில் உடம்பில் படட்டும், நடக்க விடுங்கள், எவ்வளவு நடக்கிறாரோ அவ்வளவு நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நடக்கச் சொன்னால் நடக்கிற ஆளா அவர்? வீட்டுக்குள் அவர் தப்பாமல் நடக்கிற நடை ஒன்றே ஒன்றுதான். முற்றத்துக் குழாயடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒளு எடுப்பார். அதாவது தொழுகைக்கு முன்னால் கை, முகம், கால் கழுவிக்கொள்வார். அப்புறம் அந்த ஈரக் காலோடு முற்றத்தின் மறுகோடிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து தொழுவார். ஐந்து வேளையும் இந்த நடை. அந்த முற்றத்தில் பழைய சிமெண்ட் தரை, மழைக்காலத்தில் பாசி பிடித்துவிடும். ஒருநாள் சறுக்கி, குழாயைக் கட்டிக்கொண்டு தொங்கிக் கொண்டிருந்தார். சத்தம் போட்டு என்னைக் கூப்பிடவும் இல்லை. அன்றிலிருந்து நான் ஓடிப்போய்க் கையைப் பிடிக்க ஆரம்பித்தேன். அவருக்கு அது ஆகாது. கையை உதறிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டு போவார்.

எனக்கும் வயது இறங்கவில்லை. சர்க்கரை இருக்கிறது, முட்டு தேய்ந்து கிடக்கிறது. ஒரே மகன் கடலுக்கு அந்தப் பக்கம். நான் முதலில் போய்ச் சேர்ந்துவிட்டால் இந்த மனுஷன் குழாயடியிலிருந்து எப்படி வருவார்? படுத்தால் எனக்கு இந்த ஒரு கேள்விதான். ஆகவே எனக்கு வேண்டியது சன்ரூமும் இல்லை, கண்ணாடியும் இல்லை. ஈரக் காலை வைத்தால் வழுக்கக் கூடாது, இழுக்கிற விரல் எங்கேயும் இடறக் கூடாது, அப்படி ஒரு தரை. நான் இல்லாத நாளிலும் அவர் தனியாக வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும். இதைத்தான் மகனிடம் சொன்னேன், கடைக்காரனிடம் சொன்னேன், கொத்தனாரிடம் சொன்னேன். ஒருத்தருக்கும் காது இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

முதலில் மகன், குளியலறையில் போடுகிற சொரசொரப்பு டைல்ஸே போட்டுவிடலாம் என்றான். அவன் வாப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "கக்கூஸ் தரையில வச்சா என்னைத் தொழச் சொல்லுத?" என்று போனைப் பார்த்துக் கேட்டார். கண்ணாடிக்குக் கீழே டைல்ஸ் கொதிக்கும், கல்தான் குளிர்ச்சியாக இருக்கும் என்று எனக்கும் பட்டது. சரி, கல்லே போடலாம் என்று முடிவாயிற்று.

பைபாஸ் ரோட்டில் இருக்கிற ஒரு பெரிய கல் கடைக்கு இரண்டு பேரும் ஆட்டோவில் போனோம். உள்ளே நுழைந்ததும் கண் கூசியது. கிரானைட், மார்பிள் என்று சுவரெல்லாம் பலகை பலகையாக நிறுத்தி வைத்திருந்தார்கள், எதைப் பார்த்தாலும் நம் முகமே தெரிகிறது. கடையில் நின்ற ஆள் ஒரு கல்லின் மேல் தண்ணீரை ஊற்றி, "ஈரம் பட்டா கலர் எப்பிடித் தூக்குது பாருங்க" என்றான். எனக்குச் சந்தோஷமாகப் போயிற்று. இவனாகவே தண்ணீர் ஊற்றுகிறானே என்று, கீழே கிடந்த ஒரு பலகையைக் காட்டி, "அதுலயும் கொஞ்சம் ஊத்துங்க" என்றேன். ஊற்றினான். செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் காலை வைத்தேன்.

அவன் பதறிவிட்டான். "அம்மா, காலை எடுங்க, கறை விழுந்திரும்" என்றான். தரையில் போடுகிற கல்லில் காலை வைத்தால் கறை விழுமாம். அப்படியானால் எதற்கடா விற்கிறீர்கள் என்று கேட்க வாய் வந்தது. அதற்குள் கல்லாவில் இருந்த முதலாளி எழுந்து வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. நேராக என் வீட்டுக்காரரிடம், "பாய், நீங்க சொல்லுங்க. பொம்பளையாளுகளுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வீட்டைக் கூட்டுகிறவள் நான், துடைக்கிறவள் நான், விழுந்தால் தூக்குகிறவளும் நான். எனக்குத் தெரியாதாம்.

"அண்ணாச்சி, இந்தக் கல்லு மேல ஈரக் காலோட நீங்க நடந்து காட்டுங்க. விழாம நடந்தா இதையே எடுத்துக்கிடுதேன்" என்றேன். அவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். காலில் ஷூ போட்டிருந்தார். அந்தக் கடையில் இருந்த எல்லோரும் ஷூவோ செருப்போ போட்டிருந்தார்கள். இதுதான் எனக்கு ஆறவே இல்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு நாள் பூராவும் வெறுங்காலில் புழங்குகிற ஜனம் நாம். அடுக்களையில் ஈரம், குளித்துவிட்டு வந்தால் ஈரம், எங்கள் வீடுகளில் ஐந்து வேளையும் ஈரம். அப்படிப்பட்டவர்கள் கடைக்கு வந்து, காய்ந்த கல்லைக் கை விரலால் தடவிப் பார்த்து, முகம் தெரிகிறதா என்று பார்த்து வாங்கிப்போகிறார்கள். பிறகு ஆளாளுக்கு இடுப்பை ஒடித்துக்கொண்டு எலும்பு டாக்டர் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். கல்லை வாங்கப் போகிறபோது காலைக் கொண்டு போக ஒருத்தருக்கும் தோன்றவில்லையே.

நான் இப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் ஒரு கறுப்புக் கிரானைட் முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நல்ல கையால் அதை மேலும் கீழும் தடவினார். "நல்லா மின்னுது, என்ன?" என்றார் என்னிடம். "மண்டை உடையுறதுக்கு நல்லாத்தான் இருக்கும்" என்றேன். அவர் கல்லிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். திரும்பி வரும்போது ஆட்டோவில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் நான் தனியாக ஊருக்கு வெளியே ஒரு கல் யார்டுக்குப் போனேன். அங்கே வெட்டவெளியில் கடப்பா, கோட்டா என்று கற்களைப் புழுதியோடு அடுக்கி வைத்திருந்தார்கள். கோட்டா கல் என்பது பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். பாலிஷ் போடாமல் பார்த்தால் அழகென்று சொல்ல ஒன்றும் இல்லை. கொண்டு போயிருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றி, வெறுங்காலோடு ஏறி நின்று, இடுப்பை ஆட்டிப் பார்த்தேன். கால் அப்படியே கல்லைக் கவ்விக்கொண்டு நின்றது. எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. யார்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "இதைப் பார்த்தா ஒண்ணும் தெரியாதும்மா. போட்டு முடிச்சு மேல மெஷினை விட்டு பாலிஷ் போட்டாத்தான் இது கல்லு" என்றார். எனக்குப் பாலிஷ் வேண்டாம் என்றேன். "பெறவு என்னத்துக்குக் கல்லு வாங்குதிய?" என்று நிஜமாகவே கேட்டார்.

அந்த ஆள் மட்டுமா கேட்டார்? கல் வந்து வாசலில் இறங்கியதும் பக்கத்து வீட்டிலிருந்து என் நாத்தனார் வந்தார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கல்லைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "மீன் மார்க்கெட்டுல போடுத கல்லுல்லா இது" என்றார். மகன் போனில் பார்த்துவிட்டு, "உம்மா, இவ்வளவு பெரிய கண்ணாடி ரூம் கட்டி உள்ள இதையா போடுதிய?" என்றான். விழுந்தால் நீ விமானம் ஏறி வந்து தூக்குவாயா என்று கேட்டேன். 

கொத்தனார் சேரன்மகாதேவிப் பக்கத்துக்காரர். கெட்டிக்காரர்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். நூல் கட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு கல்லாக ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி உட்கார வைத்தார். குழாய்ப் பக்கம் தண்ணீர் ஓடுவதற்குத் தரையில் வாட்டமும் சரியாக விட்டிருந்தார். ஆனால் இயற்கைக் கல் ஒரே கனத்தில் இருக்காது. ஒன்று தடித்திருக்கும், பக்கத்துக் கல் மெலிந்திருக்கும். அவர் கண்ணுக்கு அது மட்டமாகத் தெரிந்தது. எனக்கு அங்கங்கே ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது.

"இங்கன ஒரு நூல் அளவுக்குத் தூக்கியிருக்கு" என்றேன்.

"அது கல்லோட குணம்மா. பாலிஷ் போடுதப்ப மெஷின் சரிபண்ணிரும்" என்றார்.

"பாலிஷ் கிடையாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாது. நான் எத்தனையோ மண்டபத்துக்குக் கல்லு பாவினவன். ஒருத்தரும் இப்பிடிச் சொன்னதில்ல."

"மண்டபத்துக்கு வாரவங்க காலைத் தூக்கி வச்சு நடப்பாங்க. இங்கன நடக்கப் போறவருக்குக் கால் தூக்காது" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, இடது பாதத்தை வளைத்து, விரல்நுனி தரையில் உரச, இழுத்து இழுத்து அந்தக் கற்களின் மேல் நடந்து காட்டினேன். ஒரு சந்தில் விரல் மாட்டியது. "இங்கன மாட்டுது பாருங்க" என்றேன். இன்னும் நடந்தேன். இன்னொரு இடத்தில் மாட்டியது. கொத்தனார் என் காலைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினேன். அடுக்களை வாசலில் என் வீட்டுக்காரர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. என்னையே பார்த்துவிட்டு, பைய உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டதற்குப் பசியில்லை என்றார். கொத்தனார் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே தூக்கியிருந்த கற்களைப் பெயர்த்து, அடியில் கலவையைக் குறைத்து மறுபடி பதித்தார். இந்தத் தடவை விரல் எங்கேயும் மாட்டவில்லை. கண்ணாடி வழியாக வெயில் இறங்கியபோது தரை மங்கலாக, அமைதியாகக் கிடந்தது. எனக்கு அது அவ்வளவு அழகாகத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் குழாயடியிலிருந்து நாற்காலிவரை தனியாக வந்தார். சுவரைத் தொடவில்லை. நான் வாசலில் நின்று பார்த்தேன், பக்கத்தில் போகவில்லை. என் வாழ்க்கையில் நான் இவ்வளவு பெரிய காரியம் எதையும் செய்ததில்லை என்றுகூடத் தோன்றியது.

பார்க்க வருகிறவர்கள் சும்மா இருந்தால்தானே. அவரோடு சவூதியில் இருந்த ஒருத்தர் வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓ, வாதத்துக்காக வழுக்காத கல்லா போட்டாங்களோ? நல்லது, நல்லது" என்று என் வீட்டுக்காரரின் தோளைத் தட்டினார். இவர் காலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். டீ குடித்துவிட்டுப் போனவருக்கு அது வெறும் பேச்சு. எனக்கு அவரைத் தெருவரைக்கும் துரத்திக்கொண்டு போய்த் திட்ட வேண்டும் போல இருந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரம் காயல்பட்டினத்தில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். போகாமல் இருக்க முடியாது. நாத்தனார், "நான் பார்த்துக்கிடுதேன், நீ போயிட்டு வா" என்றார். தனியாகத்தான் நடக்கிறாரே என்ற தைரியத்தில், வாதம் வந்ததற்குப் பிறகு முதல் தடவையாக அவரை விட்டுவிட்டு வெளியூரில் தங்கினேன். கல்யாண வீட்டில் எல்லோரிடமும் அந்தத் தரையைப் பற்றிச் சொன்னேன். பிரியாணிப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்னால் சாப்பாடே இறங்கியிருக்காது.

திரும்பி வந்து, கையில் இருந்த பையைக்கூட வைக்காமல் நேராகப் பின்கட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். தரையில் வானம் கிடந்தது. கண்ணாடிக் கூரையில் போகிற கம்பிகள் எல்லாம் கீழேயும் போயின. குனிந்தால் என் முக்காடு தெரிந்தது, முகம் தெரிந்தது. மெழுகு வாசனை அடித்தது. கண்ணாடிச் சுவரின் அடியில் சாம்பல் நிறக் குழம்பு இன்னும் காயாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. மெஷினை விட்டு, தேய் தேயென்று தேய்த்து, பாலிஷ் போட்டிருந்தார்கள்.

மகனுக்குப் போன் போட்டு, கேட்கக் கூடாததை எல்லாம் கேட்டேன். "அல்லா மேல ஆணையா எனக்குத் தெரியாது உம்மா" என்றான். நாத்தனாரைப் போய்க் கேட்டேன். ஆள் வந்தது, மெஷின் ஓடியது, சத்தம் தாங்காமல் தன் வீட்டிலேயே இருந்துவிட்டதாகச் சொன்னார். கொத்தனாருக்குப் போட்டேன். அவர்தான் காசுக்கு ஆசைப்பட்டுச் செய்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். வெளுத்து வாங்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாய்தான் கூப்பிட்டாங்கம்மா. அம்மா வாரதுக்குள்ள முடிச்சிரணும்னு சொன்னாங்க" என்றார்.

பாய் எங்கே? காய்ந்த காலோடு சுவரைப் பிடித்து வந்து, குழாயடி ஸ்டூலில் உட்கார்ந்து, மஃரிபுக்கு, அந்தித் தொழுகைக்கு, ஒளு எடுத்துக்கொண்டிருந்தார். நான் போட்ட கூச்சல் எல்லாம் காதில் விழுந்திருக்கும். ஒன்றும் நடக்காதது போல இடது காலின் விரல்களுக்கு இடையில் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினார்.

"யாரைக் கேட்டு இதைச் செஞ்சிய?" என்றேன்.

"என் வீட்டுல செய்யுததுக்கு நான் யாரைக் கேக்கணும்?"

"நான் எத்தனை நாளா நாயா அலைஞ்சு பார்த்துப் போட்ட கல்லு. பாலிஷ் வேண்டாம்னு எத்தனை பேர்கிட்டச் சண்டை போட்டேன். நீங்களே இப்பிடிச் செஞ்சா நான் யார்கிட்டப் போய் அழ?"

அவர் குழாயை மூடினார். "எல்லாரும் உள்ள வாரான், கல்லைப் பார்க்கான், பெறவு என் காலைப் பார்க்கான்" என்றார். "நீயும்தான் அன்னைக்கு அந்தக் கொத்தனாருக்கு நடந்து காட்டுன. நான் அப்பிடியா நடக்கேன்?"

அப்படித்தான் நடக்கிறார். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்காக என் கோபம் இறங்கிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். "எவனோ பார்க்கான்னு மண்டையை உடைச்சுக்கிடுவியளா?" என்றேன்.

"அது மட்டும் இல்ல" என்றார். பிறகு, இத்தனை வருஷத்தில் பேசாததைப் பேசினார். அவர் சவூதியில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். என்ன வேலை என்பது எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் ஹோட்டல் என்பதோடு பேச்சு நின்றுவிடும். "விடியுததுக்குள்ள அந்தத் தரையில முகம் தெரியணும்" என்றார். "மெஷினைப் பிடிச்சுக்கிட்டு அந்தக் கோடியில இருந்து இந்தக் கோடி வரைக்கும் வருவேன். தெரிஞ்ச பெறவு அதுல நான் கால் வைக்கக் கூடாது. பின்னால ஒரு வழி இருக்கும், அதுல போயிரணும். எத்தனை வருஷம் தேச்சிருக்கேன். ஒரு நாளாவது அதுல சும்மா நடந்திருக்கேனா? எனக்குன்னு ஒரு தரை போடுதாங்க, அதுவும் மீன் மார்க்கெட்டுக் கல்லு."

எனக்கு அந்த ஹோட்டல் மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அந்த முதலாளி மேல், அந்தப் பின்வழி மேல். அதைவிட அதிகமாக இந்த மனுஷன் மேல் வந்தது. "இதைக் கடையில வச்சே சொல்லிருந்தா என்ன?" என்று கேட்டேன்.

"கடையில வச்சுச் சொல்லுத விஷயமா இது?" என்றார்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். மஃரிபுக்கு வக்து, தொழுகை நேரம், கொஞ்சம்தான், இருட்டுவதற்குள் தொழுதாக வேண்டும். அவர் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார். இரண்டு காலிலும் தண்ணீர் சொட்டியது. எதிரே மறுகோடியில் நாற்காலி. நடுவில் அவ்வளவு தூரமும் கண்ணாடியாக மின்னுகிற கல். வானம் சிவந்து கொண்டு வந்தது, தரையும் சிவந்தது. அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"சரி, நடங்க பார்ப்போம்" என்றேன்.

வலது காலை எடுத்து வைத்தார். ஒரு விரற்கடை சறுக்கியது. நான் அசையவில்லை. காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மறுபடி முயற்சி செய்யவில்லை. மேலே ரப்பர் பாய் ஏதாவது போடலாம், நாளைக்கே வாங்கி வருகிறேன் என்றேன். "மூடி வைக்கவா பாலிஷ் போட்டேன்?" என்று கேட்டார். தரையைப் பார்த்தார். அதில் அவரும் தெரிந்தார், வெள்ளைத் தொப்பியோடு தலைகீழாக.

பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

வாதம் வந்த நாளிலிருந்து அவராகக் கையை நீட்டியதே இல்லை. நான் உடனே பிடித்துவிடவில்லை. "இனி அஞ்சு வக்துக்கும் இப்பிடித்தானா?" என்று கேட்டேன்.

"ஆமா."

"எனக்கு முட்டு வலி, சர்க்கரை. நான் இல்லாத அன்னைக்கு என்ன செய்வியன்னு நினைச்சுப் பார்த்தியளா? அதுக்குத்தானே இவ்வளவு பாடும் பட்டேன்."

"நீ இல்லாத அன்னைக்குக் கட்டில்ல படுத்தபடியே தொழுதுக்கிடுவேன்" என்றார். "முடியாதவனுக்கு அப்பிடியும் ஆகும். அல்லா ஏத்துக்கிடுவான்."

சந்தையில் கருவாட்டு விலை சொல்வது போலச் சொன்னார். இத்தனை நாளாக நான் தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு இந்த மனுஷன் எப்போதோ ஒரு பதிலை முடிவுசெய்து வைத்திருக்கிறார், அதை என்னிடம் சொல்லக்கூட இல்லை. நான் இல்லாவிட்டால் அவர் அந்தக் குழாயடிக்கே வரப்போவதில்லை. அப்புறம் நான் எந்தக் கல்லைப் பொறுக்கினால் என்ன? கடை கடையாக ஈரக் காலோடு ஏறி நின்றது யாருக்காக? என் கை இல்லாமல் அவருக்கு நடையே இல்லை என்று கேட்டதும் எனக்குள் ஒரு சந்தோஷமும் வந்தது பாருங்கள், அதை நினைத்தால்தான் எனக்கு இன்றுவரை ஆத்திரம் அடங்கவில்லை. வக்து போய்க்கொண்டிருந்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அவர் கையைப் பிடித்து, இரண்டு பேரும் வழுக்கிவிடாமல் பைய நாற்காலிவரை நடத்திக்கொண்டு போனேன்.